ஜவஹர் துடைத்த கரும்புள்ளிகள்

உஸ்மான் சாலைக்குப் பின்னால், இரண்டு ஜவுளிக்கடைகளின் பின்வாசல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற சந்தில் ஒரு குறுகலான மாடிப்படி உண்டு. ஏறினால் 'சுடர் கிராபிக்ஸ்'. காலண்டர், புடவை விளம்பரம், கல்யாணப் பத்திரிகை என்று எது அச்சுக்குப் போவதானாலும், அதை நான்கு வண்ணமாகப் பிரித்து பிலிம் போட்டுக் கொடுக்கிற இடம். அங்கே போட்டோஷாப் மெஷினில் உட்கார்ந்திருப்பவன் ஜவஹர்.

உட்கார்ந்திருப்பவன் என்று சொன்னது பேச்சுக்குத்தான். அவனுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாது. கம்ப்யூட்டர் ஒரு படத்தைச் சேமித்து முடிப்பதற்குள் படியிறங்கி ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்திருப்பான். வந்தும் நிற்பான். நின்றபடியே மவுஸைப் பிடித்து, அடுத்தது என்ன, அதற்கடுத்தது என்ன என்று திரையை அவசரப்படுத்துவான்.

சாத்தூருக்குப் பக்கத்தில் மேப்பில்கூடத் தேடிப் பிடிக்க வேண்டிய ஓர் ஊர் அவனுடையது. அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பௌதிகம் படித்தான். மெஸ்ஸில் மாதச் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்கும்போதுகூட 'ஜவஹர், பி.எஸ்ஸி.' என்றுதான் எழுதிக் கொடுப்பான். மெஸ்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். வீடு நிறையப் பட்டதாரிகள் உள்ளவர்களுக்கு அந்த எழுத்துகள் வெறும் எழுத்துகள். பத்திரப் பதிவு ஆபீஸில் அப்பன் கைநாட்டு வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனுக்கு அப்படி இல்லை.

படித்த பௌதிகத்துக்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை என்ற குறை அவனுக்கு உண்டு. ஆனால் வேலையில் கெட்டிக்காரன். ஜவுளிக்கடைக்காரர்கள் புடவையையே கையோடு கொண்டுவந்து, திரைக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டுவிடுவார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வெங்கடேஷ் அண்ணாச்சி அதில் கொடுமை.

"தம்பி, இது என்ன கலரு?"

"அரக்குங்க."

"டிவியில தெரியுதே, அது?"

"அதுவும் அரக்குத்தான் அண்ணாச்சி."

"அது வெத்தல போட்டுத் துப்புன கலருல்லா."

ஜவஹர் சிவப்பைக் கொஞ்சம் இறக்கி, கறுப்பை ஒரு துளி ஏற்றி, துணியையும் திரையையும் மாறி மாறிப் பார்ப்பான். இரண்டும் ஒன்றாகிற கணம் அவனுக்கு உடம்பிலேயே தெரியும். அண்ணாச்சி வாய் திறப்பதற்கு முன்பே எழுந்துவிடுவான்.

முகம் வந்தால் இன்னும் சுலபம். மணப்பெண் கன்னத்தில் பரு, மாடல் கழுத்தில் மரு, பிலிமில் ஒட்டிய தூசி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, 'ரப்பர் ஸ்டாம்ப்' என்ற கருவி. பக்கத்திலுள்ள நல்ல தோலை எடுத்துப் புள்ளியின்மேல் ஒற்றிவிட வேண்டியதுதான். ஜவஹரின் கை அதை மூளையைக் கேட்காமலே செய்யும். படத்தில் ஒரு கரும்புள்ளியைக் கண்டால் அவன் விரல் தானாகத் துடிக்கும்.

வால்நட்சத்திரம் வந்த வருடம் மாளவிகா ஒரு போஸ்டர் அடிக்க அந்த மாடிப்படி ஏறி வந்தாள். பெண்கள் கல்லூரியொன்றில் பௌதிக விரிவுரையாளர். மயிலாப்பூரில் வானம் பார்க்கிற ஒரு சின்னக் குழுவுக்குச் செயலாளரும் அவள்தான். ஜவஹர் போஸ்டரை முடித்துக் கொடுப்பதற்குள் வால் எதனால் இரண்டாகப் பிரிகிறது, ஏன் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீள்கிறது என்று குடைந்தெடுத்துவிட்டான்.

"நீங்க என்ன படிச்சிருக்கேள்?" என்று கேட்டாள் அவள்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரிச் சொன்னான்.

அடுத்த மார்கழியில் மாளவிகாவின் தம்பி அச்யுத் அமெரிக்காவிலிருந்து வந்தான். பெட்டியில் அக்காவுக்கு ஒரு கேமரா. பிலிம் கிடையாது, சில்லு ஒன்று ஒளியைச் சேர்த்துக் கணக்காகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கூடவே ஒரு பல்கலைக்கழகம் கழித்துக்கட்டிய மூன்று பில்டர்கள். ஒவ்வொன்றும் மயிரிழை அளவு ஒளியை மட்டுமே உள்ளே விடும். ஹைட்ரஜன் வாயு வீசுகிற ஒளி ஒன்றில், கந்தகத்தினுடையது ஒன்றில், ஆக்சிஜனுடையது ஒன்றில். தெருவிளக்கின் மஞ்சள், கோபுரத்து டியூப்லைட், கல்யாண மண்டபத்து சீரியல் செட் எதுவும் அவற்றைத் தாண்டாது. அதனால்தான் மயிலாப்பூர் மொட்டைமாடியிலிருந்தே அக்காவும் தம்பியும், திருவாதிரை நட்சத்திரத்துக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிற ஒரு நெபுலாவைப் பிடித்துவிட்டார்கள். வட்டமாக, நடுவில் ஓட்டையோடு, இதழ் இதழாக விரிந்த வாயு மேகம். வெறும் கண்ணுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது.

மூன்று பிளாப்பிகளைக் கொண்டுவந்து ஜவஹரின் மேஜையில் வைத்தாள் மாளவிகா. ஒரு வாயுவுக்கு ஒரு பிளாப்பி. மூன்றிலும் இருந்தது கறுப்பு வெள்ளைப் படம்.

"மூணையும் சேர்த்துக் கலர் படமாக்கணும். கந்தகத்தைச் சிவப்புல போடுங்கோ, ஹைட்ரஜனைப் பச்சையில, ஆக்சிஜனை நீலத்துல."

"ஹைட்ரஜன் பச்சையாவா மேடம் எரியும்? நான் படிச்சப்போ சிவப்புன்னுல்ல சொன்னாங்க."

"சிவப்புதான். கந்தகமும் சிவப்பு. ரெண்டையும் சிவப்பிலேயே போட்டா எது எதுன்னு தெரியாது. அதான் பிரிச்சுப் போடறது."

"அப்ப இதுக்குச் சரியான கலருன்னு?"

"அப்படி ஒண்ணு கெடையாது ஜவஹர். எந்த வாயு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

இந்தப் பதில் ஜவஹருக்குள் முள்ளாகத் தைத்தது. பக்கத்தில் விரித்து வைத்துப் பார்க்கத் துணி இல்லாத ஒரு புடவை. எந்த இடத்தில் நிறுத்துவது?

மாளவிகா இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் வானம் பார்ப்பவர்களுக்கென்றே ஒரு மாதப் பத்திரிகை. வாசகர்கள் எடுத்த படங்களுக்கு அதில் ஒரு பக்கம் உண்டு. பொங்கல் கழித்து அச்யுத் ஊர் திரும்பும்போது படத்தைக் கையோடு கொண்டுபோய் அங்கே சேர்ப்பிப்பான். கீழே இரண்டு பெயர் வரும். படம் பிடித்தது மாளவிகா, வண்ணம் சேர்த்து முடித்தது ஜவஹர்.

"பேருக்குப் பின்னாடி..." என்று இழுத்தான் ஜவஹர்.

"டிகிரியெல்லாம் அங்க போட மாட்டா."

"பேரு போதுங்க," என்றான், அரை மனதாக. ஊராருடைய பெயர்களையெல்லாம் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அச்சுக்கோத்துக் கொடுத்தவன். அவன் பெயர் இதுவரை எங்கும் அச்சில் வந்ததில்லை.

முதலாளி சந்திரமௌலியிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினை வாங்கிக்கொண்டான். அச்சுக்குப் பிளேட் போடுகிற அக்பர் பாஷாவும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏசிக்காக வந்து உட்கார்ந்துவிடுவார். ராயப்பேட்டைக்காரர். ஜாம்பஜாரில் வாங்கின சமோசாப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு திரையை ஆராய்வார்.

மூன்று படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை. ஒவ்வொரு பில்டருக்கும் வானம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரத்தை வைத்து, நகர்த்தி, திருப்பி, மறுபடி நகர்த்தி, அவன் பொருத்தி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். சேர்த்துப் பார்த்தால் பச்சை. ஹைட்ரஜன் மற்ற இரண்டையும் அமுக்கிவிட்டிருந்தது.

"இன்னா நைனா, முட்டகோசா?" என்றார் அக்பர் பாஷா.

"நட்சத்திரம் பாய்."

"நட்சத்திரம்ன்ற. கூட்டுக்குப் போடறாப்ல கீது."

ஜவஹர் பச்சையைப் பிடித்துப் பொன்னை நோக்கித் தள்ளினான். நடுவில் ஆக்சிஜன் நீலம் பூத்தது. அழகாக இருந்தது. மறுநாள் நினைத்துப் பார்த்தால் பொன் அதிகமோ என்று தோன்றும். அரக்கு பார்டர் போட்ட காக்கிப் புடவையைத் திருத்தும்போது நெபுலாவின் நீலம் நினைவுக்கு வந்து நிற்கும். அடுத்த ஞாயிறு முழுவதையும் கலைத்துப் போட்டு ஆரம்பிப்பான். இது சரி, இதுதான் என்று உடம்பில் தெரிகிற அந்தக் கணம் வரவே இல்லை. மெஸ்ஸில் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, எழுந்து போய்விடலாமா என்று பார்ப்பான். எங்கே போவது என்றுதான் தெரியாது.

மாளவிகா போனில் சொல்லியிருந்தாள்: "கேமரா கண்ணாடியில தூசி இருந்திருக்கு. வளையம் வளையமா நிழல் விழுந்திருக்கும், பாருங்கோ. அதை எடுத்துடுங்கோ."

"அதுக்கு வழியில்லையா மேடம்? எடுக்கும்போதே?"

"இருக்கு. சாயங்கால வெளிச்சத்துல வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தா அதுலயும் அதே நிழல் விழும். அதால நம்ம படத்தை வகுத்தா தூசி நிழல் தானாப் போயிடும். நான் எடுக்கறதுக்குள்ள இந்த அச்யுத் உதவி பண்றேன்னு கண்ணாடியைத் தொடைச்சு வெச்சுட்டான். பழைய தூசி போயாச்சு, எதை வெச்சு வகுக்கறது?"

தூசியை எடுப்பதா கஷ்டம்? மூன்று படத்தையும் சேர்த்து, வண்ணம் முடித்து, ஒரே படமாக அழுத்திச் சேமித்துக்கொண்டு, கடைசி வேலையாக ஜவஹர் ரப்பர் ஸ்டாம்பைக் கையிலெடுத்தான். நிறத்தில் கிடைக்காத நிம்மதி அவனுக்கு அங்கே கிடைத்தது. இது தெரிந்த வேலை. வளையங்களைத் துடைத்தான். கை சூடு பிடித்துவிட்டது. மேல் இதழ் ஒன்றில் எறும்பு சாரி போவது மாதிரி வரிசையாகக் கறுப்புத் துணுக்குகள் இருந்தன, அவற்றையும் துடைத்தான். பக்கத்தில் உதிரியாக இருந்தவற்றையும் விடவில்லை. மணப்பெண் முகம் மாதிரி நெபுலா பளிச்சென்று ஆயிற்று. அதையே பழைய படத்தின்மேல் சேமித்தான்.

"இப்ப ஜோரா கீது," என்றார் அக்பர் பாஷா. "போன வாரம் மூஞ்சில அம்மை போட்டாப்ல இருந்திச்சு."

பிரிண்ட் எடுத்து, பிளாப்பியில் அடங்காத படத்தை ஜிப் டிஸ்க்கில் ஏற்றி, இரண்டையும் ஒரு கவரில் போட்டு, சனிக்கிழமை காலை மயிலாப்பூருக்கு எடுத்துப் போனான். அன்றிரவு அச்யுத்துக்கு விமானம். கூடத்தில் பெட்டிகள் திறந்து கிடந்தன. வடாம் பொட்டலங்களுக்கும் சட்டைகளுக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்தது. மாளவிகா தரையில் உட்கார்ந்து, மறுநாள் குழுக் கூட்டத்துக்காக ஹைட்ரஜன் படத்தைப் பெரிதாக்கி எடுத்த கறுப்பு வெள்ளைப் பிரதியை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஜவஹர் குனிந்து பார்த்தான். விரல் துடித்தது.

"மேடம், இதுல தொடைக்காம விட்டுட்டீங்களே."

"எதை? வளையத்தையா? அது கெடக்கட்டும், நம்மாத்து மனுஷாதானே பாக்கப் போறா."

"வளையம் இல்லங்க. இந்தா, மேல வரிசையா எறும்பு கணக்கா இருக்கே, இது."

மாளவிகா சிரித்தாள். "அதைத் தொடைச்சா அப்புறம் என்ன இருக்கு? அதெல்லாம் வாயுவும் தூளும் கெட்டியாச் சேர்ந்த உருண்டை. பின்னாடி இருக்கற வெளிச்சத்தை மறைக்கறது, அதான் கறுப்பாத் தெரியறது. உள்ள நட்சத்திரம் உண்டாகலாம்ங்கறா. இத்தனை தெருவிளக்குக்கு நடுவுல, நம்ம மாடியிலேர்ந்து அது விழுந்திருக்கு பாருங்கோ. அதைப் பார்த்துட்டுத்தான் பத்திரிகைக்கே அனுப்பலாம்னு எனக்குத் தைரியம் வந்தது."

ஜவஹர் கவரின் வாயை மடித்துப் பிடித்துக்கொண்டான்.

"கலர்ல இன்னும் எடுப்பாத் தெரியுமே. எங்க, காட்டுங்கோ," என்று அவள் அவன் கையிலிருந்த கவரை நோக்கிக் கை நீட்டினாள்.

"ஒரு சின்ன வேல பாக்கி இருக்குங்க மேடம்," என்றான் ஜவஹர். கவர் தானாக முதுகுக்குப் பின்னால் போயிற்று. "அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். சாயங்காலம் கொண்டாந்திடுறேன்."

"ராத்திரி கெளம்பிடுவான் அவன்."

"அதுக்கு முன்னாடி வந்திருவேன்."

காபி வருகிறது, இருங்கோ என்று யாரோ உள்ளேயிருந்து சொல்லும்போது அவன் தெருவில் இருந்தான்.

கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தான். பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதே தெரியவில்லை. திரும்பி வந்து 12பி-யில் தொற்றினான். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று லஸ் முனையில் நினைத்தான். ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள், அமெரிக்காவில் அந்தப் பத்திரிகையைப் பார்க்கிறவன் ஒவ்வொருவனுக்கும் தெரியும் என்று நினைத்தான். அதிலே எறும்பு சாரி எங்கே என்று அவன் தேடுவான். இல்லாத இடத்துக்குக் கீழே ஜவஹர் என்று இருக்கும். அச்சில் வருகிற முதல் தடவையே அப்படி வர வேண்டுமா?

கடையில் மெஷின்மேல் ஒரு நகைக்கடை விளம்பரம் காத்திருந்தது. சந்திரமௌலி சாயங்காலம் டிபன் சாப்பிடப் போகும்வரை நெளிந்தபடி அதை முடித்தான். பிறகு அக்பர் பாஷாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"இதுக்கா மொகத்த தொங்கப் போட்டுகினு கீற?" என்றார் அவர். "எட்த்தது நீதானே? திரும்ப வெச்சுடு. பிரஷ்ல நாலு பொட்டு வெச்சா தீந்துது."

"வெச்சா தெரிஞ்சுராதா பாய்?"

"நீ வெச்சா எவனுக்குத் தெரியும்? மணப்பொண்ணு மூக்குல இல்லாத மூக்குத்தியே வெச்சவன் நீ."

அது உண்மைதான். ஜவஹர் சின்ன பிரஷ்ஷை எடுத்து, ஓரம் மங்கலாகும்படி அமைத்து, ஒன்று வைத்தான். இன்னொன்று. வரிசையாக வந்தது. நிஜத்தில் பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. பின்னால் சாய்ந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். எறும்பு சாரி ஓர் அழகான வளைவாக, ஜரிகை பார்டரில் மாங்காய்க்குக் கீழே ஓடுகிற புள்ளிக்கோலம் மாதிரி இருந்தது. எங்கே இருந்தது என்று யோசித்து அவன் வைக்கவில்லை. எங்கே வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று கையே பார்த்து வைத்துவிட்டிருந்தது. இதில் ஒன்றுக்குள் நட்சத்திரம் உண்டாகுமென்று எவனாவது எண்ணிக்கொண்டிருப்பான்.

மாற்றிப் போடலாமென்றால் மெஷின் ஒரேயொரு அடிதான் பின்னால் போகும். கடைசிப் பொட்டு மட்டும் அழிந்தது. படத்தைச் சேமிக்காமல் மூடினான்.

"அட, நல்லாத்தானே வந்திச்சு," என்றார் அக்பர் பாஷா.

"நல்லா வந்துருச்சு பாய், அதான்."

மூன்று பிளாப்பிகளிலிருந்தும் முதலிலிருந்து தொடங்க நேரமில்லை. யோசித்து நிற்கவும் முடியவில்லை. ஹைட்ரஜன் பிளாப்பியை மட்டும் உள்ளே தள்ளினான். கை படாத அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை, முடித்து வைத்த வண்ணப் படத்தின்மேல் போட்டான். நட்சத்திரத்தின்மேல் நட்சத்திரம் உட்காரும்வரை நகர்த்தினான். பிறகு, வண்ணம் அடிப்படத்திலிருந்தும் வெளிச்சமும் நிழலும் மேல்படத்திலிருந்தும் வரும்படி மாற்றினான். பொன்னும் நீலமும் அப்படியே நிற்க, மேல் இதழில் எறும்பு சாரி ஊர்ந்து வந்தது. வளைவாக இல்லை. கோணல்மாணலாக, ஓரிடத்தில் அறுந்து, மறுபடி தொடங்கி.

கூடவே வளையங்களும் வந்தன.

"தோ, கொப்புளமும் வந்திச்சு," என்றார் அக்பர் பாஷா. "இப்ப அத்த மட்டும் எடு."

ஜவஹர் ரப்பர் ஸ்டாம்பை எடுத்தான். முதல் வளையத்தின்மேல் கொண்டுபோனான். சந்தேகமில்லை, அது தூசி நிழல்தான். அதற்கு உள்ளேயே ஒரு கறுப்புத் துணுக்கு இருந்தது. அது வளையத்தைச் சேர்ந்ததா, வானத்தைச் சேர்ந்ததா? ஆக்சிஜன் பிளாப்பியைப் போட்டு ஒப்பிட்டான். கேமராத் தூசியென்றால் எல்லாப் படத்திலும் ஓரத்திலிருந்து அதே தூரத்தில் இருக்கும். வானத்துப் பொருளென்றால் நட்சத்திரத்தோடு சேர்ந்து நகர்ந்திருக்கும். மூன்று ஞாயிறு நட்சத்திரங்களை நகர்த்தி நகர்த்திப் பொருத்தியவனுக்கு இது தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் ஆக்சிஜனில் அந்த இடமே மங்கல். துணுக்கு இருப்பதும் தெரியவில்லை, இல்லாததும் தெரியவில்லை. அடுத்த வளையம் எறும்பு சாரியின் வாலை மிதித்துக்கொண்டு கிடந்தது. அதை எடுத்தால் வாலும் போகும்.

கீழே சந்திரமௌலியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"முதலாளி வந்தா மெஷின் ஹேங் ஆகித் தொங்கிப் போச்சுன்னு சொல்லி வைங்க பாய்."

"எத்தினி வாட்டிய்யா தொங்கும் அது? போன வாரமும் அத்தத்தான் சொன்னேன்."

ஜவஹர் ரப்பர் ஸ்டாம்பை விட்டான். ஒன்றையும் துடைக்கவில்லை. வளையமும் துணுக்குமாக அப்படியே புது டிஸ்க்கில் ஏற்றி, கோடு கோடாக வருகிற ஆபீஸ் பிரிண்டரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, சந்திரமௌலி மாடி ஏறும்போது அவரை உரசிக்கொண்டு இறங்கினான். "ஏம்ப்பா, அந்த நகைக்கடை?" என்ற குரல் பின்னால் வந்தது. "பிலிமுக்குப் போயாச்சு சார்," என்றான் தெருவிலிருந்து.

மாளவிகா வீட்டு வாசலில் அம்பாசடர் டாக்ஸி நின்றிருந்தது. பெட்டிகளை டிக்கியில் அடைக்க டிரைவரும் அச்யுத்தும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜவஹர் இரண்டு பிரிண்டையும் அவற்றின் டிஸ்க்குகளோடு மாளவிகாவின் கையில் கொடுத்தான்.

"மேடம், பளிச்சுனு இருக்கிறது நான் மொதல்ல முடிச்சது. காலையில கையில வெச்சிருந்தேனே, அது. அதுல நீங்க சொன்ன உருண்டையெல்லாம் இல்ல. தூசின்னு நெனச்சு நான்தான் தொடைச்சிட்டேன். இன்னொண்ணு இப்பப் பண்ணினது. இதுல எல்லாம் இருக்கு. வளையமும் இருக்கு."

அவள் தெருவிளக்கின் கீழே போய் இரண்டு பிரிண்டையும் பார்த்தாள். முகம் சிவந்து, பிறகு சாதாரணமாயிற்று.

"காலம்பறவே தெரியுமா உங்களுக்கு?"

"நீங்க சொன்னப்போ தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமோல்லியோ. ரெண்டு பேருமா உக்காந்து பார்த்திருக்கலாம். ஒரு நாள் முழுக்கப் போச்சு."

"வாய் வரலங்க."

அச்யுத் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, பளிச்சென்றதைத் தொட்டான். "எதைக்கா அனுப்பறது? இதா? நன்னா இருக்கே."

"அது பொய்டா."

"அப்ப இதா? என்னக்கா, டம்ளர் வெச்ச மேஜை மாதிரி வட்டம் வட்டமா இருக்கு. இதை அவா பாதிப் பார்வை பாத்துட்டுத் தூக்கிப் போட்டுடுவா. பேசாம மொதல்ல இருக்கறதையே எடுத்துண்டு போறேன். அந்தப் புள்ளியை யார் தேடப் போறா?"

மாளவிகாவுக்கும் அந்தப் பளிச்சென்ற படத்தின்மேல் கண் இருந்தது. மார்கழிப் பனியில் கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு மாடியில் நின்றவள் அவள்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை ஜவஹர் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவள் சரி என்று சொல்லிவிட்டால் தானும் வாயை மூடிக்கொண்டிருப்போமோ என்ற பயம் அவனுக்கு வந்தது.

"அத அனுப்புனா என் பேரு வேண்டாங்க மேடம்," என்றான் முந்திக்கொண்டு.

அச்யுத் அவனை விநோதமாகப் பார்த்தான். மாளவிகா பளிச்சென்ற படத்தை நான்காக மடித்தாள்.

"இதைத்தான் அனுப்பறோம்," என்று வளையங்கள் உள்ளதைத் தம்பியிடம் நீட்டினாள். பிறகு ஜவஹரைப் பார்த்து, "ஆனா ஒண்ணு. வட்டம் இருந்தா, கலர் பண்ணினவருக்கு வேலை தெரியலைன்னுதான் சொல்லுவா. படம் பிடிச்சவளைச் சொல்ல மாட்டா. அதுல உங்க பேர் வேணுமா? எனக்கு மட்டும்னு போட்டுண்டுடலாம், தப்பில்லை."

டிரைவர் ஹாரனைத் தட்டினார்.

ஐந்து வருடமாக ஜவஹரின் கையிலிருந்து ஒரு புள்ளியோடு ஒரு படம் வெளியே போனதில்லை. டி.நகரில் அவனுக்கு அந்தப் பெயர்தான். அண்ணாச்சி இதைப் பார்த்தால் துணியைச் சுருட்டிக்கொண்டு அடுத்த சந்துக்குப் போய்விடுவார்.

"போடுங்க," என்றான். "நான்தான செஞ்சேன்."

"வளையத்தைப் பத்தியும் ஒரு வரி எழுதிடறேன். தூசி நிழல், எடுக்கலைன்னு."

"ஏன் எடுக்கலைன்னும் எழுதுங்க. எது தூசி, எது இல்லைன்னு சில எடத்துல தெரியலைன்னு."

அச்யுத் டாக்ஸியின் மேல்கூரையில் கவரை வைத்து, ஜவஹரின் பெயருக்கு ஸ்பெல்லிங் கேட்டு எழுதினான். மாளவிகா தன் வரிகளை அடியில் எழுதினாள். கார் லஸ் பக்கம் திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

"போடுவாங்களா மேடம்?"

"மாட்டா," என்றாள் அவள், தயங்காமல்.

அவள் சொன்னதுதான் நடந்தது. பங்குனியில் அச்யுத்திடமிருந்து வந்த இமெயிலில் அது ஒரு வரியாக இருந்தது. எடுத்துக்கொள்ளவில்லை, வட்டங்கள் உறுத்துகின்றனவாம்.

ஆனால் அன்று மாலை அது இருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. உள்ளே வந்து காபி குடித்துவிட்டுப் போகலாமே என்றாள் மாளவிகா. இல்லை, நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு ஜவஹர் கிளம்பினான். அவனுக்கு எதற்கும் நேரமாகியிருக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தான், கால் நிற்கவில்லை. பஸ் வந்தது, ஏறவில்லை. கச்சேரி சாலை நெரிசலில் புகுந்து கடற்கரைப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான். கார் இந்நேரம் கிண்டி தாண்டியிருக்கும் என்று நினைத்தான். ஓடிப் பிடித்து அந்தக் கவரைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம், விமானம் சீக்கிரம் கிளம்பித் தொலைக்க வேண்டுமே என்று தோன்றியது. நொச்சிக்குப்பத்தில் மீன்கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "இன்னா தம்பி, யாரத் தேடற?" என்று கேட்டாள். யாரையும் இல்லை என்று சொல்லிக்கொண்டே, நடையை நிறுத்தாமல் அவளைத் தாண்டிப் போனான்.